கிணற்றடியில் காலா லில்லி

ஐம்பதுகளின் நடுவில் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆண்களிடமெல்லாம் "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்கப் போகிறாள் என்பது எங்கள் வீதியில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா போட்டுக்கொண்டாள், ஆனால் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கிறிஸ்தவப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான். தென்னூரில் இரண்டு அறை வீட்டில் அவளும் அவள் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அதிகம் பேசாத மனிதர். அவளுக்கு ஏழு வயதானபோது அவள் அம்மா இறந்துபோனாள். அதன்பிறகு இரண்டு வருஷம் கொடைக்கானலில், ஒரு கான்வென்ட் சமையலறையில் வேலை பார்த்த சித்தியிடம் வளர்ந்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

அழைப்புகள் குறைந்திருந்த ஒரு மத்தியானம், கையிலிருந்த சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பூ வரைந்து என் பக்கம் நகர்த்தினாள். கடலைக்குச் சுருட்டும் பொட்டலம் போல ஒரே ஒரு இதழ். நடுவில் விரல் மாதிரி ஒரு குச்சி.

"என்ன இது, சேம்புப் பூவா?" என்றேன்.

"காலா லில்லி. வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. கான்வென்ட்டுக்குப் பின்னால ஓடைக்கரை பூரா இதுதான் நிக்கும். சித்தி கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயி மாதாவுக்குப் பறிச்சுட்டு வருவேன். என் கல்யாணத்தன்னிக்கு இதைத்தான் கையில பிடிச்சுக்கணும்."

"மாப்பிள்ளை பார்த்தாச்சா?"

"அதை அப்பா பார்ப்பார். பூவை நான்தானே பார்க்கணும்."

அப்படிச் சொன்னாளே தவிர, திருச்சியில் அந்தப் பூவை எங்கே பார்ப்பது. காந்தி மார்க்கெட்டில் சம்பங்கி கிடைக்கும், மல்லிகை கிடைக்கும், மருக்கொழுந்து கிடைக்கும். இதைச் சொன்னால் பூக்காரர்கள் நம் முகத்தையே பார்ப்பார்கள்.

எங்களுக்குத் தினமும் காலையில் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு வெளியூர் லைனையும் கூப்பிட்டு, குரல் சரியாகக் கேட்கிறதா என்று பேசிப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் லைனில் ஒரு ஆண் குரல் வரும். இளமையான, சிரிப்பு ஒளிந்திருக்கிற குரல். "கொடைக்கானல். தெளிவா கேக்குதுங்க. இங்க மேகம்" என்பார். இரண்டு வருஷமாக அந்தக் குரலைத் தினமும் கேட்டோம், ஆளைப் பார்த்ததில்லை. ஒருநாள் அவள் லைன் பரிசோதித்து முடித்த கையோடு, உங்கள் ஊரில் காலா லில்லி இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள்.

"அதாங்க, வெள்ளையா புனல் மாதிரி இருக்குமே, அதுவா? அதை எதுக்குங்க கேக்கறீங்க? எங்க வீட்டுக்குப் பின்னால சாக்கடை ஓரமா தானா மொளைச்சுக் கிடக்கு. மாடு கூடத் தின்னாது."

மறுவாரம் அவர் பத்துப் பூக்களைப் பறித்து, தெரிந்த பஸ் கண்டக்டர் மூலம் அனுப்பினார். திண்டுக்கல்லில் பஸ் மாறி, கூரை மேல் வெயிலில் கிடந்து வந்த பொட்டலத்தைப் பிரித்தபோது பத்தும் பழுப்பேறி, நசுங்கி, வேகவைத்த வாழைப்பூ மடல் போல இருந்தன. அவள் ஒன்றை எடுத்து விரலால் நீவிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"பூ வராதுன்னா செடி வரட்டும்" என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமே கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லை நீளமானது, அவள் வீட்டில் ஒரு கைப்பிடி மண் கிடையாது.

அப்படித்தான் ஏழு கிழங்குகள் ஸ்ரீரங்கத்துக்கு வந்தன. இஞ்சிக்கும் சேப்பங்கிழங்குக்கும் நடுவில் இருக்கும் தோற்றம். ஏழு தொட்டிகளில் நட்டு, நல்ல வெயில் விழட்டும் என்று முற்றத்தில் வரிசையாக வைத்தேன். இலைகள் வந்தன. அம்பு முனை போன்ற பளபளக்கும் பச்சை இலைகள். பத்தே நாளில் ஓரங்கள் காகிதம் போலக் காய்ந்தன. காலை லைனில் சொன்னேன்.

"முற்றத்துலயா வெச்சீங்க?" என்றார் கொடைக்கானல்காரர். "அது காலைத் தண்ணியில நனைச்சுக்கிட்டே நிக்கிற செடிங்க. எங்க ஊர்ல தலையில வெயில், காலுல தண்ணி. உங்க ஊருக்குத் தலையில வெயிலே வேணாம். காலை வெயில் ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரம் நிழல்."

தொட்டிகளைக் கூடத்துக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்தேன். உயிர் பிழைத்தன, ஆனால் இலைக் காம்புகள் வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாகச் சாய்ந்தன. தினம் ஒரு கால் சுற்று தொட்டியைத் திருப்பி வைக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷம் பூக்கவே இல்லை. பங்குனியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"போகலீங்க, தூங்கப் போகுது" என்றது லைன். "மலையில ஈரத்துலயே இருக்குறது தூங்காது. உங்க ஊர் வெயிலுக்கு அதுவே தூங்குது. தண்ணியை நிறுத்திடுங்க. இலை காஞ்சதும் கிழங்கை எடுத்து, காஞ்ச மணல்ல புதைச்சு, இருட்டா ஒரு இடத்துல வெச்சிருங்க. ஆவணி கடைசியில மறுபடி நடலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தேன். ஏழு கிழங்குகளையும் ஒரு பழைய பானையில் மணல் போட்டுப் புதைத்து சாமான்கள் வைக்கும் உக்கிராண அறையின் மூலையில் வைத்தேன். அம்மா அப்போது மன்னார்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபின் பானையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தப்பு என்மேல்தான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் எனக்குக் காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஊஞ்சலில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு தடித்திருந்தது. பக்கத்தில் மோர்ச் செம்பு. அம்மா பூஜை அறையான பெருமாள் உள் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"என்னாச்சும்மா?"

"மணல்ல சேப்பங்கிழங்கு வெச்சிருந்தது. அப்பாதான் வாங்கி வெச்சிருக்கார்னு நெனைச்சேன். வேகவெச்சு ரோஸ்ட் பண்ணினேன்."

"அப்பா நிறையச் சாப்பிட்டாரா?"

"ஒரு துண்டுதான். வாயில போட்டதும் துப்பிட்டார். நாக்கு பூரா ஊசி குத்தறாப்பல இருக்குன்னார். புளியைக் கரைச்சுக் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். வைத்தியரும் வந்து பார்த்துட்டார், சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்னு சொல்லிட்டார்." பெருமாள் பக்கம் கையைக் காட்டினாள். "அப்பாவை விடு. அவருக்கு முன்னாடி பெருமாளுக்குன்னா கண்டருளப்பண்ணிட்டேன்."

எங்கள் வீட்டில் சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டிவிட்டுத்தான் இலை போடுவோம். அதற்கு முன் உப்பு புளி ருசி பார்ப்பதுகூடக் கிடையாது. வாயெல்லாம் அரிக்கிற விஷக் கிழங்கைத் தன் கையால் முதலில் சுவாமிக்குக் கொடுத்துவிட்டோமே என்பதுதான் அம்மாவின் துக்கம். நான் என்ன சமாதானம் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. பானையில் மிச்சமிருந்த மூன்று கிழங்குகளையும் கொள்ளிடத்தில் போட்டுவிட்டு வரச் சொன்னாள்.

பானையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். துண்டை விலக்கிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சிரமப்பட்டுச் சொன்னார். "கிழங்கு என்ன பண்ணித்து? அது பாட்டுக்குத் தூங்கிண்டிருந்தது. அந்தப் பொண்ணுக்கு வாக்கு கொடுத்திருக்கா. இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் அம்மா சர்க்கரைப் பொங்கல் பண்ணிப் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணினாள். ஒரு மாதத்துக்கு எந்தக் கிழங்கையும் வீட்டுக்குள் விடவில்லை.

அந்த ஆவணியிலேயே தென்னூர்ப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் ரயில்வே வேலை. தை பத்தொன்பதாம் தேதி மாதா கோவிலில் கல்யாணம். மூன்று கிழங்குகளில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். அவள் ஒரு பழைய எனாமல் பேசினில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணும் காய்ந்த சாணமும் கலந்து நட்டு, முன்னறை ஜன்னலடியில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மற்ற இரண்டையும் இந்தத் தடவை தொட்டியில் வைக்கவில்லை. எங்கள் கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடி வாழைக்குப் போகும் வாய்க்கால் ஒன்று உண்டு. கிழக்கே மட்டும் திறந்த இடம். மற்ற மூன்று பக்கமும் சுவர், வாழை நிழல். எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அங்கே நட்டேன்.

அது அம்மா யாரும் தொடாமல் ஆசாரமாக மடித் துணி உலர்த்தும் இடம். "என் புடவையில அந்த இலை படாம பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். நான் ஒரு மூங்கில் குச்சி நட்டு இலைகளை எதிர்ப் பக்கமாகக் கட்டிவைத்தேன்.

ஐப்பசி மழையில் செடிகள் குபுகுபுவென்று வந்தன. மேலே ஒரு தடவை மண்ணும் எருவும் போட்டேன். இலையடியில் பச்சைப் பேன் வந்தபோது சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எனக்கு மாலை ஷிஃப்ட் இருந்த வாரங்களில் சாயங்காலம் நான் தண்ணீர் விட முடியாது, வாய்க்கால் வற்றும். ஆனால் வந்து பார்க்கும்போதெல்லாம் மண் ஈரமாகவே இருந்தது. துணி அலசிய தண்ணீரை அம்மா எந்தப் பக்கம் கொட்டுகிறாள் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மார்கழியில் விடியற்காலைக் கோலத்துக்கு முன் குளிக்கப் போன அம்மா ஒருநாள் திரும்பி வந்து, அப்பாவிடம், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "கிணத்தடியில அதுக்கு மொட்டு மாதிரி என்னமோ வந்திருக்கு" என்றாள். ஹரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். இலைக் காம்பைப் போலவே ஒரு பச்சைத் தண்டு. அதன் நுனி மட்டும் இறுகச் சுருட்டிய குடை போலிருந்தது. மூன்றாம் நாள் அடுத்த செடியிலும் ஒன்று தெரிந்தது.

வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். கிணற்றடியில் ஒரே நெரிசல். நான் ஆபீஸில் இருந்து கவலைப்பட்டேன். அம்மா அங்கேயே ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "அந்தப் பக்கம் போகாதேங்கோ, மேல பட்டா ஊறல் எடுக்கும், எங்காத்து மாமாவைக் கேளுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அப்பாதான் சொன்னார்.

பொங்கலன்று முதல் பூ விரிந்தது. குடை மெல்லத் தளர்ந்து, பச்சை வெளுத்து, பாலாடை நிறமாகி, பிறகு வெள்ளை. அவள் வரைந்த படத்தில் இல்லாத ஒன்று இருந்தது. இதழின் நுனி மட்டும் கொஞ்சம் பின்னால் மடங்கி, அங்கே துளிப் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. வாசனை கிடையாது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"பயப்படாதீங்க" என்றார் கொடைக்கானல்காரர். "செடியிலயே விட்டா மூணு வாரம் அசையாம நிக்கும். மேல தண்ணி தெளிக்காதீங்க, புள்ளி விழும். எடுக்கிற அன்னிக்குக் கத்தி வைக்கக்கூடாது. தண்டோட அடியில பிடிச்சு, லேசா திருகி இழுங்க. முழுசா வரும்."

"கல்யாணத்துக்கு நீங்களும் வரணும்" என்றேன். அவளும் பக்கத்திலிருந்து, "நீங்க வரலேன்னா எப்படிங்க" என்றாள். லீவு கிடைத்தால் பார்க்கிறேன் என்றார்.

கல்யாணத்தன்று காலை இரண்டு பூக்களையும் திருகி எடுத்தேன். முதல் பூ ஓரத்தில் ஒரு மயிரிழை பழுத்திருந்தது, மற்றபடி குறையில்லை. அம்மா ஒரு பித்தளைச் செம்பில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வைத்தாள். "நான் வரலை. கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு" என்று ஒரு டப்பாவில் திரட்டுப்பாலும் கொடுத்தாள். அப்பா என்னுடன் வந்தார். பஸ்ஸில் அவர் மடியில் செம்பு. காவேரிப் பாலத்தில் காற்று வேகமாக அடித்தபோது மேல்துண்டை அவிழ்த்துப் பூக்களைச் சுற்றிக்கொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "இது என்ன பூங்க, சாமிக்கா?" என்று கேட்டாள். அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆமாம்மா" என்றார்.

தென்னூர் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, தோளில் கம்பளிச் சால்வை. காலடியில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பெரிய மூட்டை. என்னைப் பார்த்ததும், "திருச்சிங்களா? தெளிவா கேக்குதுங்க" என்றார். அந்தக் குரல். நாங்கள் இரண்டு பேருமே இருபத்தைந்து வயசுப் பையனைத்தான் மனதில் வைத்திருந்தோம். அவர் ரிடையராக ஒரு வருஷம்தான் இருந்தது. இந்தத் தடவை பஸ் கூரையில் போடாமல், மூட்டையைத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து ராத்திரியே திருச்சி வந்து சேர்ந்திருந்தார். சாக்கை அவிழ்த்தார். வாழை இலைக்குள் நாற்பது பூக்கள், ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஒவ்வொன்றும் என் பூவைப்போல ஒன்றரை மடங்கு.

எனக்கு என் செம்பைக் கீழே எங்காவது வைத்துவிட வேண்டும் போலிருந்தது.

கல்யாணப் பெண் வெள்ளைப் புடவையில், தலையில் முக்காட்டுடன் உள்ளேயிருந்து வந்தாள். சாக்கைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். அவர் யார் என்று நான் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு குனிந்து அவர் காலைத் தொட்டாள். "இதெல்லாம் பீடத்துக்குங்க. மாதாவுக்கும் சூசையப்பருக்கும் வைக்கலாம். எங்க கோவில் இப்படிப் பூவைப் பார்த்ததே இல்லை" என்றாள். அப்புறம் என் கையிலிருந்த செம்பிலிருந்து இரண்டு பூக்களையும் எடுத்து, தண்டைக் கைக்குட்டையால் துடைத்து, கொஞ்சம் கொடித் தழையுடன் சேர்த்து வெள்ளை ரிப்பனால் கட்டிக்கொண்டாள். பெரியவர் பழுத்த ஓரத்தைக் குனிந்து பார்த்து, "மேல தண்ணி பட்டிருக்கு" என்றார்.

கோவிலில் பூசை முழுவதும் அப்பா கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கொடைக்கானல் பெரியவர். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு கேட்டபோது, மலையில் சேப்பங்கிழங்கு விளையுமா என்று விசாரித்ததாக அப்பா சொன்னார்.

அவள் நாக்பூர் எக்ஸ்சேஞ்சுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து நாற்காலிக்கு வேறு ஒருத்தி வந்தாள். கிணற்றடியில் இருந்த இரண்டு செடிகளில் ஒன்று அந்தக் கோடையில் அழுகிவிட்டது. அம்மா துணி அலசிய தண்ணீரை நிறுத்தவில்லை, செடி தூங்க வேண்டும் என்பதை நான் மறுபடியும் சொல்லாமல் விட்டிருந்தேன். இன்னொன்று பிழைத்து, இரண்டு கிளைக்கிழங்கு விட்டது.

தென்னூரில் அந்த எனாமல் பேசின் செடி என்ன ஆயிற்று என்று நான் யோசிக்கவே இல்லை. மறு வருஷம் மாசி மாதம் ஒருநாள் மத்தியானம், அவளுடைய அப்பா எக்ஸ்சேஞ்சுக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெளியே போனேன். ஒர்க்‌ஷாப் உடுப்போடு நின்றிருந்தார்.

"பேசின்ல பூத்திருக்கும்மா" என்றார்.

"நெசமாவா? எத்தனை?"

"ஒண்ணு. தினம் திருப்பித் திருப்பி வெச்சேன். அவ எழுதி வெச்சுட்டுப் போயிருந்தா, கோடையில தண்ணி ஊத்தாதேன்னு. அதும்படிதான் செஞ்சேன்."

"கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே."

"தவக்காலமாச்சேம்மா. இப்பப் பீடத்துல பூ வைக்க மாட்டாங்க. ஈஸ்டர் வரைக்கும் தாங்காது." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நான் பார்க்கிறேன். அதை அவகிட்டச் சொல்லணும். லெட்டர் போட்டா ஆறு நாள் ஆகும்."

ட்ரங்க் கால் ஃபாரத்தை நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக டெலிபோன் பேசப் போகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பொது அழைப்புக்கான கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ரிசீவரை எந்தப் பக்கம் காதில் வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, போர்டுக்குத் திரும்பினேன். சென்னை, பிறகு நாக்பூர். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் நாக்பூர் போர்டில் அவள் குரலே வந்தது.

"உங்கப்பா இருக்கார்" என்றேன். பயந்துவிட்டாள். "ஒண்ணுமில்லை. நல்ல சேதிதான். பேசு."

இணைப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு நொடி கேட்டுவிட்டு நாங்கள் விலகிவிட வேண்டும். "பூத்திருக்கும்மா" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. போர்டில் பேச்சைக் கேட்கும் சாவியைத் தள்ளி மூடினேன்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் உதடு அசையவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தார். மூன்று நிமிஷம் முடிந்ததும் லைனில் போய் நேரமாயிற்று என்று சொல்ல வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மதுரை அழைப்பு ஒன்றை முதலில் போட்டுக் கொடுத்தேன். அதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

பிறகு வெளியே போய், "நல்லா கேட்டுதா?" என்று விசாரித்தேன்.

"நல்லா கேட்டுச்சும்மா. அவளும் ஒண்ணும் பேசல. ரெண்டு பேரும் இருந்தோம்" என்றார்.

சாயங்காலம் வந்து பூவைப் பார்த்துவிட்டுப் போகும்படி என்னைக் கூப்பிட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினார்.